உங்க ஊருக்கு க்ளைமேட் க்ரான்ட் வாங்கறது எப்படி: மாசசூசெட்ஸ் எம்.வி.பி. பத்தி எனக்குத் தெரிஞ்சது

மாசசூசெட்ஸ்ல இருக்கற நம்ம ஆளுங்க பெரிய மழை பெஞ்ச அடுத்த நாள் வாட்ஸாப் குரூப்ல பேஸ்மென்ட்ல தண்ணி வந்த போட்டோ போடுவாங்க, எந்த ரோடு அடைச்சிருக்குன்னு சொல்லுவாங்க, யார்கிட்ட நல்ல சம்ப் பம்ப் இருக்குன்னு கேப்பாங்க, ரெண்டு நாள்ல பேச்சு வேற எங்கயோ போயிடும். அந்தத் தண்ணிய சரி பண்ண ஸ்டேட்டே ஊருக்கு ஊரு பணம் குடுக்குது, அத கேக்கற வேலைல நம்மளும் உக்காரலாம்னு பல பேருக்குத் தெரியாது. எங்க டவுன்ல நான் சில வருஷமா இந்த வேலைல வாலன்டியரா இருக்கேன், ஒரு தடவை கேட்டு கிடைக்கல, அடுத்த தடவை கிடைச்சுது. ரெண்டுலயும் கத்துக்கிட்டத இங்க எழுதறேன்.

முதல்ல இது என்னன்னு சொல்லிடறேன். 2016 செப்டம்பர்ல அப்போ கவர்னரா இருந்த சார்லி பேக்கர் 569ன்னு ஒரு எக்ஸிக்யூட்டிவ் ஆர்டர் போட்டாரு, அதுல இருந்து 2017ல வந்ததுதான் எம்.வி.பி., முழுப் பேரு முனிசிபல் வல்னரபிலிட்டி ப்ரிபேர்ட்னெஸ், க்ளைமேட் மாறறதால வர்ற ஆபத்துக்கு ஊர்கள தயார் பண்ற ஸ்டேட் திட்டம். 2018 ஆகஸ்ட்ல ஸ்டேட் கடன் வாங்கி சுற்றுச்சூழல் வேலைக்கு செலவு பண்ற 2.4 பில்லியன் டாலர் பாண்ட் சட்டம் கையெழுத்தானப்போ இதுக்கு சட்டப்படி ஒரு இடமும் கிடைச்சுது. அதே வருஷம் ஜனவரி 4ந்தேதி பாஸ்டன்ல கடல் 15.16 அடி வரைக்கும் ஏறி 1978 பனிப்புயல் ரெக்கார்டையே தாண்டிச்சு, அதனால அந்த சமயத்துல இதோட அவசரத்த யாருக்கும் புதுசா விளக்க வேண்டிய தேவை இல்லாம போச்சு. இதுல ரெண்டு படி இருக்கு. முதல் படி ப்ளானிங் க்ரான்ட், ஊருக்கு எங்கெங்க ஆபத்துன்னு உக்காந்து கண்டுபிடிக்கறதுக்கு. அத முடிச்சாத்தான் எம்.வி.பி. கம்யூனிட்டின்னு பேரு கிடைக்கும், அதுக்கப்புறம்தான் ரெண்டாவது படியான ஆக்‌ஷன் க்ரான்ட் கேக்க முடியும். க்ரீன் கம்யூனிட்டீஸ்னு இன்னொன்னு இருக்கு, அது கரண்டு சேமிக்கறது, ஸ்கூல் பில்டிங்க்கு நல்ல ஹீட்டிங் போடறது இதுக்கெல்லாம், ரெண்டையும் குழப்பிக்காதீங்க.

ஸ்டேட்ல மொத்தம் 351 ஊரு, கிட்டத்தட்ட எல்லாமே முதல் படிய முடிச்சாச்சு. அதனால உங்க டவுன் பேரோட எம்.வி.பி. சம்மரி ஆஃப் ஃபைண்டிங்ஸ்னு சேத்து கூகுள்ல தேடுங்க, பெரும்பாலும் ஒரு பிடிஎஃப் வரும். அத எடுத்து கடைசி பக்கங்கள்ல இருக்கற மேட்ரிக்ஸ, அதாவது ஊரோட ஆபத்தும் செய்ய வேண்டிய வேலையும் போட்ட கட்டத்த மட்டும் முதல்ல பாருங்க. ஏன்னா ஆக்‌ஷன் க்ரான்ட்ல நீங்க கேக்கற வேலை அந்த ரிப்போர்ட்ல முக்கியம்னு வந்த விஷயத்தோட ஒட்டி இருக்கணும், அதுல இல்லாத ஒண்ண திடீர்னு கொண்டு போனா விளக்கம் சொல்லியே பாதி அப்ளிகேஷன் தீந்துடும்.

அந்த மேட்ரிக்ஸ் எப்படி உருவாகுதுன்னு தெரிஞ்சா படிக்க ஈஸியா இருக்கும். தி நேச்சர் கன்சர்வன்சி உருவாக்கின கம்யூனிட்டி ரெசிலியன்ஸ் பில்டிங்ன்ற முறைதான் முதல் படில பண்ணுவாங்க, மொத்தம் எட்டு மணி நேரம், ஒரே நாள்லயும் வைக்கலாம் ரெண்டு அரை நாளாவும் பிரிக்கலாம். எங்க ஊர்ல ஒரு சனிக்கிழமை லைப்ரரி கீழ்தளத்துல வட்ட மேசை போட்டு, ஒவ்வொரு மேசைலயும் ஊரோட பெரிய மேப், பக்கத்துல போஸ்டர் சைஸ்ல ஒரு கட்டம் போட்ட தாள். முதல்ல எந்த நாலு ஆபத்துன்னு முடிவு பண்ணணும், வெள்ளமா வெயிலா காத்தா பனியான்னு. அப்புறம் ரோடு பாலம் மாதிரி கட்டுமானம், ஜனங்க, இயற்கைன்னு மூணு பிரிவா ஊர்ல உள்ள ஒவ்வொண்ணையும் எழுதி, அது பலவீனம்னா வி, பலம்னா எஸ்னு போட்டு, என்ன செய்யணும், அது ஹையா மீடியமா லோவா, சீக்கிரமா பண்ணணுமா மெதுவா பண்ணலாமான்னு குறிச்சுக்கிட்டே போகணும். கடைசில எல்லாருக்கும் கலர் ஸ்டிக்கர் குடுத்து எது முக்கியமோ அதுல ஒட்டச் சொல்லுவாங்க.

எங்க மேசைல பப்ளிக் வொர்க்ஸ் டிபார்ட்மென்ட்ல ஃபோர்மேனா இருந்து ரிட்டயர் ஆன ஒரு பெரியவர் இருந்தாரு. ரெண்டு மணி நேரம் பேசவே இல்ல. என்ஜினியர் எல்லாம் பெரிய ஆத்தப் பத்தி பேசிட்டு இருந்தப்போ அவரு மெதுவா எழுந்து மேப்ல ஒரு சின்ன ஓடை ரோட்டக் கடக்கற இடத்துல விரல வச்சாரு. இந்தப் பைப்புக்குள்ள ஒவ்வொரு வசந்த காலமும் பீவர் குச்சியும் சேறும் கொண்டு வந்து அடைக்கும், நான் இருந்தப்போ கையால எடுத்துப் போடுவோம், இப்போ எடுக்க ஆள் இல்ல, ஒரு நாள் இந்த ரோடே போயிடும்னு சொன்னாரு. அந்த ரோடுதான் அந்தப் பக்கம் இருக்கற நூத்துக்கணக்கான அபார்ட்மென்ட்டுக்கு ஒரே வழி. டவுன்கிட்ட இருந்த எந்த ஃபைல்லயும் அந்தப் பைப்ப பத்தி ஒரு வரி கூட இல்ல.

ஆனா அதுக்கு அடுத்த வருஷம் நாங்க என்ன பண்ணினோம்னா, ஊர் முழுக்க வெள்ளத் தடுப்புத் திட்டம்னு பொதுவா ஒரு அப்ளிகேஷன் போட்டோம். வார்த்தை எல்லாம் அழகா இருந்துச்சு, இடம்னு ஒண்ணு கூட இல்ல. கிடைக்கல. ஏன் கிடைக்கலன்னு போன் போட்டு பேசினப்போதான் புரிஞ்சுது, எங்க தண்ணி நிக்குது, எத்தனை வாட்டி நின்னுது, யாரு மாட்டிக்கிட்டாங்க, இந்த மூணும் அதுல இல்ல. அந்தப் பெரியவர் விரல் வச்ச இடம் மேசைலயே தங்கிப் போச்சு, தப்பு எங்களோடதுதான். இந்தக் கட்டுரைல நான் சொல்ல வந்தது ஒண்ணே ஒண்ணுன்னா அது இதுதான், இடத்தச் சொல்லுங்க, அந்த இடத்தத் தெரிஞ்ச ஆள கூடவே வச்சுக்கோங்க, பணம் கேக்கறது அதுக்கப்புறம்.

அதனால அப்ளிகேஷன் வர்றதுக்கு ஆறு மாசம் முன்னாடியே ஆரம்பிங்க. ஒவ்வொரு மழைக்கும் அந்த இடத்துல போட்டோ எடுங்க, தேதி நேரத்தோட. ஒரே இடத்துல நின்னு எடுங்க, ஒரு மரமோ ஹைட்ரன்ட்டோ ஃப்ரேம்ல இருக்கட்டும், தண்ணி எவ்வளவு ஏறிச்சுன்னு பாக்கறவங்களுக்கே தெரியும். போலீஸ்ல ரோடு அடைச்ச லாக் இருக்கும், பப்ளிக் வொர்க்ஸ்ல அந்த இடத்துக்கு லாரி அனுப்பின வொர்க் ஆர்டர் இருக்கும், ரெண்டையும் கேட்டு வாங்குங்க. நாங்க இதெல்லாம் ஒரு ஸ்ப்ரெட்ஷீட்ல போட்டு வச்சோம், தேதி, எத்தனை இஞ்ச் மழை, எத்தனை மணி நேரம் ரோடு மூடி இருந்துச்சு, ஆம்புலன்ஸ் எந்த வழியா சுத்திப் போச்சுன்னு, பாக்கறதுக்கு ரொம்ப சாதாரணமா இருக்கும் ஆனா ரெண்டாவது தடவை எங்க அப்ளிகேஷனோட முதுகெலும்பே அதுதான்.

அடுத்து ரீஜனல் கோ-ஆர்டினேட்டர். ஸ்டேட்ட பகுதி பகுதியா பிரிச்சு ஒவ்வொரு பகுதிக்கும் எம்.வி.பி.ல ஒருத்தர் இருப்பாங்க, அவங்க வேலையே உங்களுக்கு உதவி பண்றதுதான். நமக்கு ஒரு பழக்கம் இருக்கு, கவர்ன்மென்ட் ஆஃபீசர்கிட்ட எல்லாம் ரெடி பண்ணிட்டுதான் போகணும்னு நினைப்போம். இங்க அப்படி இல்ல, அரைகுறை யோசனையோடயே பேசலாம், பேசணும். இது ப்ளானிங் வகையா டிசைன் வகையா கட்டுமானமா, இந்த வருஷம் கேக்கலாமா அடுத்த வருஷமான்னு அவங்க சொல்றது ஒரு மாச உழைப்ப மிச்சம் பண்ணும். ஆனா நீங்க தனி ஆளா அப்ளை பண்ண முடியாது, டவுன்தான் பண்ணணும். அதனால உங்க டவுன் ப்ளானர், கன்சர்வேஷன் ஏஜென்ட், பப்ளிக் வொர்க்ஸ் டைரக்டர் இவங்கள்ல ஒருத்தர் உங்க பக்கம் வரணும். சின்ன டவுன்ல இவங்க மூணு பேரோட வேலையையும் ஒருத்தரே பாத்துட்டு இருப்பாங்க, அவங்ககிட்ட போய் ஏன் செய்யலன்னு கேக்காதீங்க, அந்த ஸ்ப்ரெட்ஷீட்ட குடுத்து நான் என்ன எழுதித் தரட்டும்னு கேளுங்க.

டேட்டா பகுதிய பாத்து நிறைய பேரு பயப்படுவாங்க, பயப்பட ஒண்ணும் இல்ல. ஸ்டேட்டே ஆர்மேட்னு ஒரு டிசைன் ஸ்டாண்டர்ட்ஸ் டூல் ஆன்லைன்ல ஃப்ரீயா வச்சிருக்கு. மேப்ல உங்க இடத்த சுத்தி கோடு போட்டு, அங்க என்ன கட்டப் போறீங்க, அது எத்தனை வருஷம் உழைக்கணும், அது உடைஞ்சா எத்தனை பேரு பாதிக்கப்படுவாங்கன்னு கேக்கற கேள்விக்கு பதில் போட்டா, கடல் மட்டம், கனமழை, ஆத்து வெள்ளம், வெயில் ஒவ்வொண்ணுக்கும் ஹை, மாடரேட், லோன்னு ஒரு ரிப்போர்ட் குடுக்கும், 2050க்கா 2070க்கா எந்த வருஷத்த மனசுல வச்சு டிசைன் பண்ணணும்னும் சொல்லும். அந்த ரிப்போர்ட்ட அப்ளிகேஷனோட சேக்கணும். என்ஜினியர் இல்லாமயே ஒரு சாயங்காலம் உக்காந்தா முதல் ரிப்போர்ட் எடுத்துடலாம், அப்புறம் தெரிஞ்சவங்ககிட்ட காட்டி சரி பாத்துக்கலாம்.

கல்வெர்ட், அதாவது நம்ம ஊர்ல குழாய்ப் பாலம்னு சொல்லுவோமே அதுதான் உங்க பிரச்சனைன்னா, ஒரு விஷயம் தெரிஞ்சு வச்சுக்கோங்க. இங்க பழைய பைப்பெல்லாம் 1961ல வந்த மழைக் கணக்கு, அதுக்கும் முன்னாடி கணக்கு, இத வச்சு போட்டது. வடகிழக்கு மாநிலங்களுக்கு அமெரிக்க அரசோட வானிலை ஏஜென்சி நோவா புதுசா அட்லஸ் 14னு மழை அளவு குடுத்ததே 2015லதான். 2023 செப்டம்பர் 11ந்தேதி லெமின்ஸ்டர்ல சில மணி நேரத்துல 9 இஞ்சுக்கு மேல கொட்டி ரோடெல்லாம் பிச்சிக்கிட்டு போனது ஞாபகம் இருக்கும், அந்த மாதிரி மழைக்கு இந்த பைப் எதுவும் போட்டதில்ல. அதே பைப்ப கொஞ்சம் பெருசா மாத்தறோம்னு எழுதினா போதாது, மாசசூசெட்ஸ் ஸ்ட்ரீம் க்ராசிங் ஸ்டாண்டர்ட்ஸ் படி ஓடை கரை நிறைஞ்சு ஓடறப்போ என்ன அகலமோ அதுல 1.2 மடங்காவது திறப்பு இருக்கணும், அடில ஓடையோட மண்ணு கல்லு அப்படியே இருக்கணும், மீனும் ஆமையும் போய் வரணும். எம்.வி.பி. பணத்துல இயற்கைய ஒட்டின தீர்வுக்கு மதிப்பு அதிகம், வெறும் கான்க்ரீட்னா அப்ளிகேஷனுக்குப் போடற மார்க் குறையும். ஓடைக்கு மேல் பக்கம் ஈர நிலத்த திரும்ப கொண்டு வர்றது, மரம் நடறது, தண்ணி மண்ணுல இறங்கற மாதிரி பள்ளம் வெட்டறது, இதெல்லாம் திட்டத்தோட உயிரா இருக்கணும், கடைசி பாரால ஒட்டு போட்ட மாதிரி இருந்தா படிக்கறவங்களுக்குத் தெரிஞ்சுடும்.

வெள்ளம் மட்டும்தான்னு நினைக்காதீங்க. வெயிலுக்கும் கேக்கலாம். 2021 ஆகஸ்ட்ல மிஸ்டிக் ஆத்துப் பக்க ஊர்கள்ல வாலன்டியர்ஸ் கார் ஜன்னல்ல சென்சார மாட்டிக்கிட்டு காலைல, மத்தியானம், சாயங்காலம்னு ஓட்டி தெருவுக்குத் தெரு எவ்வளவு சூடுன்னு அளந்தாங்க. பக்கத்து ஊரோட சேந்தும் கேக்கலாம், செல்சியும் எவரெட்டும் சேந்து ஐலண்ட் எண்ட் ரிவர் வெள்ளத்துக்கு அப்படித்தான் பண்றாங்க, ஏன்னா தண்ணிக்கு ஊர் எல்லை தெரியாது, அந்தப் பள்ளத்துலதான் நியூ இங்கிலாந்துக்கே காய்கறி பழம் போற மார்க்கெட்டும் இருக்கு.

இப்போ நம்ம ஆளுங்க கவனிக்க வேண்டிய பகுதி. 2021ல வந்த க்ளைமேட் சட்டத்துல என்விரான்மென்டல் ஜஸ்டிஸ் பகுதின்னா என்னன்னு தெளிவா எழுதி இருக்கு: ஒரு சின்ன பகுதில வருமானம் ஸ்டேட் நடுவருமானத்துல 65 சதவீதமோ அதுக்குக் கீழயோ இருந்தா, இல்ல சிறுபான்மையினர் 40 சதவீதமோ அதுக்கு மேலயோ இருந்தா, இல்ல வீடுகள்ல 25 சதவீதமோ அதுக்கு மேலயோ இங்கிலீஷ் சரியா வராதுன்னா. இந்த மக்கள் திட்டத்துல எப்படி பங்கெடுத்தாங்கன்றதுக்கும் மார்க் உண்டு. டவுன் ஹால்ல செவ்வாய்க்கிழமை சாயங்காலம் ஏழு மணிக்கு மீட்டிங் வச்சா யாரு வருவாங்கன்னு நமக்கே தெரியும். நான் சர்வே தாள எடுத்துக்கிட்டு தமிழ்ப் பள்ளி விடற நேரத்துக்கு வாசல்ல போய் நின்னேன். அங்க பேரனக் கூட்டிட்டுப் போக வந்த ஒரு பாட்டி, மதுரைப் பக்கமாம், மூணாவது மாடி, ஏசி ஒரு ரூம்ல மட்டும்தான், பகல் முழுக்க தனியா இருக்காங்க. வெயிலுக்கு என்ன பண்ணுவீங்கம்மான்னு கேட்டேன். ஈரத்துணிய ஜன்னல்ல போட்டுட்டு தரைல படுத்துக்குவேன்ப்பா, லைப்ரரில ஏசி இருக்குன்றாங்க, நடந்து போற வழில ஒரு மரம் கூட இல்லையேன்னாங்க. அந்தப் பதில அப்படியே தமிழ்ல எழுதி கீழ இங்கிலீஷ்லயும் போட்டு ரிப்போர்ட்ல சேத்தோம். லைப்ரரி போற நடைபாதைல மரம் நடறது எங்க லிஸ்ட்ல ஹைன்னு வந்ததுக்கு அந்தம்மாதான் காரணம்.

இப்படி வந்து நேரம் குடுக்கறவங்களுக்குப் பணம் குடுங்க. பங்கெடுக்கறவங்களுக்கு ஸ்டைபென்ட், மொழிபெயர்ப்பு, மீட்டிங்ல குழந்தைங்கள பாத்துக்கறது, இதுக்கெல்லாம் க்ரான்ட்லயே கேக்கலாம், கூச்சப்படாம பட்ஜெட்ல ஒரு வரியா போடுங்க. 2023ல இருந்து முதல் படிய முடிச்ச ஊருக்கு ப்ளானிங் 2.0னு புதுசா வந்திருக்கு, ரெண்டு வருஷ வேலை, அதுல டவுன் ஆஃபீசர்களோட ஊர்க்காரங்களும் கம்யூனிட்டி லியாசனா, அதாவது ஜனங்களுக்கும் டவுனுக்கும் நடுவுல பாலமா, சம்பளத்தோட குழுல உக்காருவாங்க, கடைசில ஒரு சின்ன வேலைய உடனே செஞ்சு காட்ட 50,000 டாலர் சீட் ப்ராஜெக்ட் பணமும் உண்டு. உங்க டவுன் இதுல சேந்திருந்தா லியாசனுக்கு ஆள் தேடறாங்களான்னு கேளுங்க, நம்ம ஆளுங்க நுழையறதுக்கு இத விட நல்ல கதவு எனக்குத் தெரிஞ்சு இல்ல.

பணக் கணக்குல மூணு இடத்துல கால் வழுக்கும். ஒண்ணு மேட்ச். ப்ளானிங் க்ரான்ட்டுக்கு ஊர் பங்கு போட வேண்டாம், ஆக்‌ஷன் க்ரான்ட்டுக்கு போடணும். ஆரம்பத்துல 25 சதவீதமா இருந்துச்சு, இது மாறற விஷயம், அதனால அந்த வருஷத்து ஆர்எஃப்ஆர்ல, அதாவது ஸ்டேட் அப்ளிகேஷன் கேட்டு விதிகளோட வெளியிடற அறிவிப்புல, என்ன போட்டிருக்கோ அதத்தான் பாக்கணும், பழைய அப்ளிகேஷன பாத்து எழுதாதீங்க. காசா இல்லாம ஸ்டாஃப் நேரம், வாலன்டியர் நேரமாவும் காட்டலாம், ஆனா யாரு எந்தத் தேதி எத்தனை மணி நேரம்னு தாள்ல கையெழுத்தோட இருக்கணும், முதல் மீட்டிங்ல இருந்தே அந்தத் தாள சுத்த விடுங்க. காசா குடுக்கணும்னா டவுன் மீட்டிங்ல, அதாவது ஊர் வாக்காளர்கள் கூடி முடிவெடுக்கற கூட்டத்துல, ஓட்டு வேணும், அது எப்பன்னு பாத்து அதுக்கு ஏத்த மாதிரி நகருங்க. ரெண்டாவது, இது ரீஇம்பர்ஸ்மென்ட், டவுன் முதல்ல செலவு பண்ணி பில் அனுப்பினாத்தான் ஸ்டேட் குடுக்கும், டவுன் அக்கவுன்டன்ட்கிட்ட இத முன்னாடியே சொல்லி வச்சுடணும்.

மூணாவது ஜூன் 30. ஸ்டேட்டோட நிதி வருஷம் ஜூலை 1ல ஆரம்பிச்சு ஜூன் 30ல முடியும், அந்த வருஷத்துக்குன்னு ஒதுக்கின பணத்துக்கு வேலையும் அன்னைக்குள்ள முடிஞ்சிருக்கணும். எங்க திட்டத்துல ஒரு கன்சல்டன்ட் ஜூலை முதல் வாரத்துல சர்வே எடுத்துட்டு பில் குடுத்தாங்க, அந்தப் பணம் திரும்ப வரல, டவுனே தாங்க வேண்டியதாப் போச்சு. அதுல இருந்து கன்ட்ராக்ட்லயே ஜூன் 15க்குள்ள எல்லாம் முடிக்கணும்னு எழுதிடறோம்.

இதனாலதான் ஒரே தடவைல எல்லாத்தையும் கேக்க வேண்டாம்னு சொல்றேன். முதல் வருஷம் டிசைனும் பர்மிட்டும் மட்டும் கேளுங்க, ஓடை பக்கத்துல மண்வெட்டி வைக்கணும்னாலே வெட்லாண்ட்ஸ் சட்டப்படி ஊரோட கன்சர்வேஷன் கமிஷன்கிட்ட நோட்டீஸ் ஆஃப் இன்டென்ட்னு அனுமதி கேக்கற மனு போடணும், அதுக்கே மாசக்கணக்குல ஆகும். பர்மிட் கைல இருக்கற ஊரு கட்டுமானப் பணம் கேக்கறப்போ நம்பிக்கையே வேற மாதிரி இருக்கும். தனியார் நிலத்துல கை வைக்கணும்னா நிலத்துக்காரர் கடிதம் இல்லாம அனுப்பவே அனுப்பாதீங்க.

சப்போர்ட் லெட்டர் பத்தி ஒண்ணு. ஒரே டெம்ப்ளேட்ட பத்து பேரு கையெழுத்து போட்டு அனுப்பறதுல பிரயோஜனம் இல்ல. எங்க ஃபயர் சீஃப் அரைப் பக்கம்தான் எழுதினாரு, அந்த ரோடு மூடி இருந்த ராத்திரி ஒரு நெஞ்சுவலி கேஸுக்கு வண்டி எந்த எந்தத் தெரு வழியா சுத்திப் போச்சுன்னு தெருப் பேரோட. டெம்ப்ளேட் பத்து அடுக்கி வச்சாலும் அந்த அரைப் பக்கத்துக்கு ஈடாகாது.

கிடைக்கலன்னா கண்டிப்பா டீப்ரீஃப், அதாவது ஏன் கிடைக்கலன்னு விளக்கம் கேளுங்க, அடுத்த வருஷம் அதே இடத்துக்கு, திருத்தி, திரும்பப் போடுங்க. கல்வெர்ட்டுக்குன்னே ஸ்டேட்டோட எக்காலஜிக்கல் ரெஸ்டோரேஷன் டிவிஷன் தனியா க்ரான்ட் குடுக்குது, கடலோர ஊரா இருந்தா கோஸ்டல் ஸோன் மேனேஜ்மென்ட்டோட கோஸ்டல் ரெசிலியன்ஸ் க்ரான்ட் இருக்கு, அதே போட்டோ அதே ஸ்ப்ரெட்ஷீட் அங்கயும் உதவும். 2025 ஏப்ரல்ல ஃபெடரல் பேரிடர் ஏஜென்சி ஃபெமா, ஊர்களுக்கு இந்த மாதிரி வேலைக்குப் பணம் குடுத்த பிரிக் திட்டத்த நிறுத்தறோம்னு அறிவிச்சப்போ ஃபெடரல் பணத்த நம்பி இருந்த ஊரெல்லாம் ஸ்டேட் பணத்துக்கு வரிசைல வந்து நின்னுச்சு, போட்டியும் கூடிச்சு. கிடைச்சா, ரிப்போர்ட்டு நேரத்துக்கு அனுப்பணும், கடைசில மத்த ஊரு பாத்துக் கத்துக்கற மாதிரி ஒரு கேஸ் ஸ்டடி எழுதிக் குடுக்கணும். எங்களோடதுல அட்டைல வச்ச போட்டோ, அந்த ரிட்டயர்ட் ஃபோர்மேன் பைப் வாய்கிட்ட முழங்கால் பூட்ஸோட நின்னுக்கிட்டு, தண்ணி ஏறின உயரத்த கையால காட்டறது.